ட்ரூமனைத் தோற்கடித்த தலைப்பு

1948 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கா முழுவதும் அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு. அன்று இரவே, மறுநாள் தேதியிட்ட சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் முதல் பதிப்பு தெருவுக்கு வந்துவிட்டது. முதல் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எதிர்ச்சாரியில் நிற்பவரும் படிக்கக்கூடிய கொட்டை எழுத்தில், 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்று தலைப்பு. விடிந்தபோது டூயியைத் தோற்கடித்திருந்தார் ட்ரூமன்.

உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த காலம். சோவியத் முற்றுகையில் இருந்த பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் போய்க்கொண்டிருந்தன. சீனாவில் முக்டன் நகரம் அந்த வாரம்தான் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தது. இத்தனை பெரிய செய்திகள் நடுவே, நடக்காத ஒன்றைச் சொன்ன ஒரு தலைப்புதான் இன்றுவரை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. செய்தித்தாள் வேலை பார்த்த யாரிடமும் இந்தத் தலைப்பைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். நானும் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன். அந்தப் பக்கத்தின் நகலை எத்தனை முறை எடுத்துப் படித்தாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்து முடித்தபின், அந்தத் தலைப்பை எழுதியவர்கள் மேல் ஒரு பிரியமும் வருகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு வேட்பாளர்கள். ஹாரி ட்ரூமன் துணை அதிபராக இருந்தவர். 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்துபோக, அதிபர் நாற்காலி அவரிடம் வந்தது. மிசௌரி மாநிலத்துக்காரர், ஒருகாலத்தில் விவசாயம் பார்த்தவர், துணிக்கடை வைத்து நொடித்தவர். 1946 தேர்தலில் அவருடைய ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் இழந்தது. 1948இல் கட்சியே மூன்றாக உடைந்தது. கறுப்பின மக்களுக்கான உரிமைகளை எதிர்த்துத் தெற்கத்தியர்கள் ஸ்ட்ராம் தர்மண்ட் தலைமையில் தனியே போனார்கள். இடதுசாரிகள் ஹென்றி வாலஸ் பின்னால் போனார்கள். எதிரே குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி, நியூயார்க் மாநில ஆளுநர். ரௌடிக் கும்பல்களைச் சிறைக்கு அனுப்பிப் பெயர் வாங்கிய வழக்கறிஞர், ஒழுங்காக வெட்டிய மீசை, ஒழுங்காக வெட்டிய பேச்சு. யாரைக் கேட்டாலும் டூயிதான் என்றார்கள்.

அடுத்தது பத்திரிகை. சிகாகோ டிரிப்யூன் தன் பெயர்ப் பட்டைக்குப் பக்கத்திலேயே 'உலகின் தலைசிறந்த செய்தித்தாள்' என்று அச்சிட்டுக்கொண்ட பத்திரிகை. அதன் அதிபர் ராபர்ட் மக்கார்மிக்கை எல்லோரும் கர்னல் என்றே அழைத்தார்கள். ரூஸ்வெல்ட்டையும் அவர் கொண்டுவந்த திட்டங்களையும் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் பத்திரிகை ட்ரூமனை மடையர் என்றே எழுதியிருந்தது. இதைக் கேட்டதும் பலர், வேண்டாதவர் தோற்கவேண்டும் என்ற ஆசையில் போட்ட தலைப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் ஆசை மட்டும் ஒரு பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடாது. அச்சுக்கு அனுப்புவது கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றம் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் சட்டம். ட்ரூமன் தன் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அதைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அவர் மறுப்பை மீறிச் சட்டமாக்கியது. சங்க உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு வைக்கும் ஏற்பாடு இனிச் செல்லாது என்றது அந்தச் சட்டம். அச்சுக்கோப்பவர்களின் சங்கம் கொதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் சிகாகோ நாளிதழ்களின் அச்சுக்கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தேர்தல் இரவு வந்தபோது வேலைநிறுத்தம் ஓராண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, 1949 வரைக்கும் அது முடியவில்லை.

அச்சுக்கோப்பவர் இல்லாமல் நாளிதழ் நடத்துவது என்றால் என்னவென்று, ஈய எழுத்துக் காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் அந்தக் காலத்தின் கடைசி நாட்கள். அச்சுக்கோப்புக் கூடத்தின் ஃபோர்மேன், இரும்புச் சட்டத்துக்குள் இடவலமாகத் திரும்பி நிற்கும் எழுத்துகளை நாம் காகிதத்தில் படிப்பதைவிட வேகமாகப் படிப்பார். நள்ளிரவு தாண்டி ஒரு தலைப்பை மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தின் ஆணியைத் தளர்த்துவார், பழைய எழுத்துகளைப் பிடுங்குவார், புதியவற்றைச் செருகுவார், மரச் சுத்தியலால் தட்டி மட்டம் பார்ப்பார். நான் வாயில் வைத்த டீயை விழுங்குவதற்குள் பக்கம் தயாராகிவிடும். பிழை கண்ணில் பட்டால் உதவி ஆசிரியரைக் கேட்கக்கூட மாட்டார், திருத்திவிட்டுச் சொல்வார். நாளிதழின் கடைசிக் காவல் அந்தக் கைகள்தான்.

டிரிப்யூனில் அன்று அந்தக் கைகள் இல்லை. செய்திகளைத் தட்டச்சுப் பொறியில் அடித்தார்கள். அடித்த தாள்களைப் பத்தி பத்தியாக வெட்டிப் பக்கமாக ஒட்டினார்கள். ஒட்டிய பக்கத்தைப் படம்பிடித்து உலோகத் தகட்டில் பொறித்தார்கள். அதற்குப் பிறகுதான் அச்சு இயந்திரம். மற்ற நாட்களைவிடப் பல மணி நேரம் முன்பே பக்கத்தை மூடியாக வேண்டும். இந்த அவசரத்தில் அந்த முதல் பதிப்பின் சில வரிகள் தலைகீழாகவே அச்சாகியிருக்கின்றன! தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த வரிகளைக் கவனிப்பதில்லை. எனக்கோ, ஃபோர்மேன் இல்லாத கூடத்தை அந்த வரிகளில்தான் கண்ணால் பார்க்க முடிகிறது.

ட்ரூமன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சட்டம் வேலைநிறுத்தத்தைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தம் கடிகாரத்தை முன்னே தள்ளியது. முன்னே தள்ளிய கடிகாரம் ட்ரூமனுக்கு எதிரான தலைப்பைப் போடவைத்தது. அந்தத் தலைப்பே அவர் வாழ்நாளின் மிக மகிழ்ச்சியான புகைப்படமாக மாறியது. இப்படி ஒரு சங்கிலியை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால், இவ்வளவு பொருத்தம் நம்பும்படி இல்லை என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கிழக்குக் கரை மாநிலங்களின் முடிவுகளே சரியாக வந்துசேராத நேரத்தில் நிர்வாக ஆசிரியர் லாய் மலோனி முதல் பதிப்புக்குத் தலைப்பு சொல்லியாக வேண்டும். அவர் நம்பியது வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கை. பழுத்த அனுபவசாலி. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளின் ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகக் கணித்தவர். டூயிதான் என்றார் ஹென்னிங். கருத்துக் கணிப்புகளும் அதையே சொல்லின. எழுதியாயிற்று, ஒட்டியாயிற்று, பொறித்தாயிற்று.

தலைப்புக்குக் கீழே ஹென்னிங் எழுதிய செய்தியையும் படிக்கவேண்டும். நேற்று நடந்த அதிபர் தேர்தலில் டூயியும் வாரனும் (டூயியோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவர்) மகத்தான வெற்றி பெற்றார்கள் என்று தொடங்குகிறது. மேற்கு மாநிலங்களிலும் தெற்கு மாநிலங்களிலும் குடியரசுக் கட்சி சீராக முந்துவதைத் தொடக்க முடிவுகள் காட்டின என்கிறது. மாநிலங்களின் வாக்குத் தொகுப்பில் டூயி பெரும்பான்மையை அள்ளுவார் என்பதற்கான அறிகுறிகள் தெரிவதாகவும் சொல்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை வாக்கு என்று ஒதுக்கீடு உண்டு, பொதுவாக அந்த மாநிலத்தில் ஜெயித்தவருக்கே அவை மொத்தமும் போகும், அவற்றின் கூட்டுத்தொகைதான் அதிபரை முடிவு செய்யும். இனி உண்மைக் கணக்கைப் பாருங்கள். மலைப்பகுதியும் பசிபிக் கரையும் சேர்ந்த பதினொரு மேற்கு மாநிலங்களில் டூயிக்குக் கிடைத்தது ஆரிகன் ஒன்றே ஒன்று. தெற்கே, உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய பிரிவினை மாநிலங்கள் பதினொன்றில் ஏழு ட்ரூமனுக்கு, நான்கு தர்மண்டுக்கு, டூயிக்கு ஒன்றுகூட இல்லை. வாக்குத் தொகுப்பின் மொத்தக் கணக்கில் ட்ரூமன் 303, டூயி 189, தர்மண்ட் 39. ஒரு செய்தியில் சொன்ன திசைகள் எல்லாமே இவ்வளவு சுத்தமாகத் தவறிப்போன இன்னொரு முதல் பக்கத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இன்னொரு வரி, இல்லினாய் மாநிலத்திலும் குடியரசுக் கட்சி அலை வீசுவதாகத் தெரிகிறது என்கிறது. 'தெரிகிறது' என்று அங்கே போட்ட ஒரு உதவி ஆசிரியர் மேல் எனக்குத் தனி மரியாதை. அவருடைய எச்சரிக்கை பெரிய தலைப்புவரை ஏறிப் போகவில்லை. அந்த அலையும் வீசவில்லை. இல்லினாயின் ஆளுநர் பதவியை அட்லாய் ஸ்டீவன்சனும், செனட் இடத்தைப் பால் டக்ளஸும் ஜனநாயகக் கட்சிக்கு வென்று கொடுத்தார்கள். கர்னலின் சொந்த மாநிலமே கைவிட்டுப் போனது. இரவு ஏறஏற உண்மை தெரிந்து, அடுத்த பதிப்பில் தலைப்பை மாற்றினார்கள். மாநிலப் பதவிகளை ஜனநாயகக் கட்சி அள்ளியது என்றது புதிய தலைப்பு. அதற்குள் பழைய தலைப்போடு சுமார் 1,50,000 பிரதிகள் அச்சாகியிருந்தன. கடைகளிலும் வீட்டு வாசல்களிலும் கிடந்த பிரதிகளைத் திரும்ப எடுத்து வர ஆட்களை விரட்டினார்கள். விற்கத்தான் ஆள் அனுப்புவார்கள், விற்றதைப் பறித்து வர ஆள் அனுப்பிய இரவு அது.

டிரிப்யூனை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. அதே நவம்பர் 3 காலையில் வந்த வணிக நாளிதழான ஜர்னல் ஆஃப் காமர்ஸ், டூயியின் வெற்றி அரசுக்கும் வணிகத்துக்கும் இடையே நல்லிணக்கத்தின் புதிய யுகத்தைத் திறக்கக் கிடைத்த ஆணை என்று ஐந்து பத்தி அகலத்தில் தலைப்பிட்டது. அதிபர் டூயியிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று அந்த ஒரே இதழில் எட்டுக் கட்டுரைகள்! பல நாளிதழ்களுக்குச் சேர்த்து எழுதும் பத்தியாளர்கள் தங்கள் கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். ஆல்சாப் சகோதரர்கள், டூயி பதவியேற்கும்வரை இந்த அரசாங்கம் பத்து வாரங்களை எப்படிக் கடத்தப்போகிறது என்று கவலைப்பட்டு எழுதியிருந்தார்கள். டூயியைச் சூழ்ந்து வெள்ளை மாளிகைக்குள் நுழையப்போகும் நெருக்கமான வட்டத்தை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார் ட்ரூ பியர்சன். முதல் பக்கத்தில் ட்ரூமன் ஜெயித்த செய்தி, உள்ளே புரட்டினால் டூயியின் அமைச்சரவை. மாப்பிள்ளை மாறிப்போன கல்யாணத்தில் பழைய பெயர் போட்ட பத்திரிகையையே ஊரெல்லாம் கொடுத்ததுபோல ஆயிற்று. லைஃப் இதழ் இன்னும் ஒருபடி முந்திக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் படகில் போகும் டூயியின் படத்தைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டு, அடுத்த அதிபர் பயணம் செய்கிறார் என்று கீழே எழுதிவிட்டது.

இந்த இரவில் நிம்மதியாகத் தூங்கியவர் ஒருவர் உண்டென்றால் அது ட்ரூமன்தான். இண்டிபெண்டன்ஸ் ஊரில் வாக்களித்துவிட்டு, நிருபர்கள் கண்ணில் படாமல் எக்ஸெல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். நீராவிக் குளியல் எடுத்தார். ஒரு சாண்ட்விச்சும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிட்டார், படுத்துவிட்டார். நள்ளிரவில் கண் விழித்து வானொலியைத் திருப்பினால், என்.பி.சி.யின் புகழ்பெற்ற வர்ணனையாளர் கால்டன்போர்ன் பேசிக்கொண்டிருக்கிறார். ட்ரூமன் சுமார் 12 லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருக்கிறார், ஆனாலும் தோற்பது உறுதி என்கிறார்! ட்ரூமன் வானொலியை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். விடியற்காலை நாலு மணிவாக்கில் பாதுகாவலர் வந்து எழுப்பினார். முன்னிலை 20 லட்சமாகியிருந்தது. இந்தக் கால்டன்போர்னின் குரலை அச்சு அசலாக நடித்துக்காட்டுவதில் ட்ரூமனுக்கு அப்படியொரு ஆனந்தம். 1949 ஜனவரியில் பதவியேற்புக்கு முந்தைய இரவு விருந்தில், விறைப்பான அந்த உச்சரிப்போடு அவர் நடித்துக்காட்டியபோது விருந்தே குலுங்கிச் சிரித்தது.

எப்படி எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து தவறினார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவசரம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவசரம் அந்தத் தவறை அச்சடித்தது, அவ்வளவுதான். தவறு இரண்டு மாதங்களுக்கு முன்பே செய்து முடிக்கப்பட்டிருந்தது.

செப்டம்பர் 9ஆம் தேதி எல்மோ ரோப்பர் என்ற கருத்துக் கணிப்பாளர், டூயியின் வெற்றி உறுதியாகிவிட்டது, இனி கணிப்பு எடுத்து வெளியிட வேண்டிய தேவையில்லை என்று அறிவித்துவிட்டார். காலப் நிறுவனம் அக்டோபர் நடுப்பகுதியோடு கேட்பதை முடித்துக்கொண்டது. அதன் இறுதிக் கணிப்பு டூயிக்கு 49.5 சதவீதம், ட்ரூமனுக்கு 44.5. உண்மையில் ட்ரூமன் பெற்றது 49.6, டூயி 45.1. எண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன, பெயர்கள்தான் இடம் மாறிவிட்டன. கணிப்பு எடுத்த முறையிலும் கோளாறு இருந்தது. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை, இத்தனை வசதியானவர் என்று ஒதுக்கீடு கொடுத்து ஆட்களை அனுப்புவார்கள். அந்த ஒதுக்கீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பது கேட்பவரின் விருப்பம். மாலை வேளையில் கதவைத் தட்டப் போகிறவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? வாசல் சுத்தமாக, நாய் இல்லாமல், நின்று பேசப் படித்த ஆள் இருக்கிற வீட்டைத்தான். அந்த வீடுகளில் டூயிக்கு வாக்குகள் சற்று அதிகம். கணிப்பாளர்கள் இந்தத் தோல்வியை மூடி மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்வியாளர்கள் குழு ஒன்று அவர்கள் கணக்குகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தது, முறைகள் மாறின.

இப்போது கன்சாஸ் நகரத்துக் கோழித்தீவன ஆலைக்கு வாருங்கள். இந்தக் கதைக்காகவே இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஸ்டேலி என்ற அந்த ஆலை, தீவன மூட்டைகளை இரண்டு விதமாக அச்சிட்டு விற்றது. ஒன்றில் குடியரசுக் கட்சியின் யானை, மற்றொன்றில் ஜனநாயகக் கட்சியின் கழுதை. விவசாயி எந்த மூட்டையைக் கேட்டு வாங்குகிறாரோ அதுவே அவர் வாக்கு. ஆறு மாநிலங்களில் சுமார் 20,000 விவசாயிகள் இப்படி மூட்டை வாங்கினார்கள். கழுதை மூட்டைக்கு 54 சதவீதம்! ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரெல்லாம் டூயி என்னும்போது நம் கணக்குத்தான் எங்கோ தப்பாக இருக்கிறது என்று எண்ணி, செப்டம்பரில் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டார்கள்.

செனட் சபை அதிகாரி லெஸ்லி பிஃபிள் தன் பங்குக்குக் கோழி வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ, இல்லினாய் கிராமங்களில் சுற்றினார். கோழி விலை பேசிக்கொண்டே யாருக்கு வாக்கு என்று விசாரித்தார். ட்ரூமன் ஜெயிப்பார் என்று வந்து சொன்னார். கோழி வியாபாரியின் பேச்சை யார் கேட்பார்கள்?

கிராமம் ட்ரூமன் பக்கம் சாய்ந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அந்த ஆண்டு சோளம் அமோக விளைச்சல், விலை சரிந்தது. அரசு கிட்டங்கியில் தானியத்தைப் போட்டு அதன்மேல் கடன் வாங்கலாம் என்றால், கிட்டங்கிகளைக் கூட்டுவதற்குக் குடியரசுக் கட்சி ஆண்ட நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. ட்ரூமன் ரயிலில் ஏறி ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார். சின்னச் சின்ன நிலையங்களில் வண்டி நிற்கும், கடைசிப் பெட்டியின் பின்மேடையில் வந்து நிற்பார், எழுதி வைத்துக்கொள்ளாமல் நாலு வார்த்தை பேசுவார், மனைவியையும் மகளையும் அழைத்துக் கூட்டத்துக்குக் காட்டுவார். கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

அந்த ரயிலில் நிருபர்களும் இருந்தார்கள். கூட்டத்தை எண்ணி எழுதினார்கள். எழுதிவிட்டு, டூயிதான் ஜெயிப்பார் என்றும் எழுதினார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள் நம் ஊரில். இங்கே கண்ணால் கண்டது மெய்யாக இருந்தது, அதை நம்பத்தான் ஆள் இல்லை. நியூஸ்வீக் இதழ் 50 அரசியல் எழுத்தாளர்களிடம் யார் ஜெயிப்பார் என்று கேட்டது. ஐம்பது பேரும் டூயி என்றார்கள். ட்ரூமனின் உதவியாளர் கிளார்க் கிளிஃபர்ட் ஒரு நிலையத்தில் இறங்கி அந்த இதழை வாங்கி, முதலாளி பார்த்து மனம் நோகக்கூடாதே என்று கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஏறினார். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார் ட்ரூமன். எதைக் கேட்கிறீர்கள் என்று மழுப்பினார் கிளிஃபர்ட். கோட்டுக்குள் இருக்கிறதே அது என்றார் ட்ரூமன். வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த ஐம்பது பேரையும் எனக்குத் தெரியும், ஒருவருக்கும் எலி வளையில் மண் அள்ளிப் போடும் புத்திகூடக் கிடையாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

செய்திப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உடம்பு சிலிர்க்கவேண்டிய இடம் என்று நினைக்கிறேன். கணிப்பாளர் சொன்னார் என்று நிருபர் எழுதினார். நிருபர்கள் எழுதுகிறார்கள் என்று ஆலைக்காரர் தன் கணக்கைக் கைவிட்டார். எல்லோரும் சொல்கிறார்கள் என்று மலோனி தலைப்புப் போட்டார். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து நடந்தார்கள், முன்னால் நடந்தவருக்கு வழி தெரியும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். சோளம் விலை என்ன என்று கேட்டுக்கொண்டு வயலோரம் நின்றிருந்த ஒரு நிருபர் போதும், அந்த 1,50,000 பிரதிகள் அச்சாகாமல் தடுக்க.

டூயி ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். ஒஹையோவில் ட்ரூமன் வென்றது 7,107 வாக்குகளில். கலிபோர்னியாவில் 18 ஆயிரத்துக்கும் குறைவு. இல்லினாயில் 33 ஆயிரத்துச் சொச்சம். இந்த மூன்று மாநிலங்கள் மாறியிருந்தால் வாக்குத் தொகுப்பில் டூயியிடம் 267 வந்திருக்கும், தேவைப்பட்டது 266. டிரிப்யூன் தலைப்பு நாலாபக்கமும் பலித்திருக்கும், ஹென்னிங்கை எல்லோரும் தீர்க்கதரிசி என்றிருப்பார்கள். அப்போதும் அது எண்ணாத வாக்குகளை எண்ணியதாகச் சொன்ன தலைப்பாகத்தான் எனக்குப் பட்டிருக்கும்.

புகைப்படம் எடுக்கப்பட்டது நவம்பர் 4ஆம் தேதி. வாஷிங்டன் திரும்பும் வழியில் ட்ரூமனின் ரயில் செயின்ட் லூயிஸ் நிலையத்தில் நின்றது. யாரோ ஒருவர் டிரிப்யூனின் அந்தப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். அவர் பின்மேடையில் நின்று இரு கைகளாலும் அதை உயர்த்திப் பிடித்தார். வாய் முழுக்கச் சிரிப்பு, கண்ணாடிக்குள் கண்கள் சுருங்கியிருக்கின்றன. பல படக்காரர்கள் அங்கே இருந்தார்கள், அசோசியேட்டட் பிரஸ்ஸின் பைரன் ராலின்ஸ் எடுத்த படம் உலகெங்கும் போனது. அந்த முகத்தில் பழிவாங்கும் குணம் துளியும் தெரியவில்லை என்பதே அதன் அழகு. அதே நவம்பர் 4ஆம் தேதிதான் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசினார். வயதுவந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்ற வரைவு அது. அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கம் போகமுடியாதிருந்த காலம். அலபாமாவில் ட்ரூமனின் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. ஜூலையில் ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்டிருந்தது தெற்கத்தியர் கோபத்தை இன்னும் வளர்த்திருந்தது. இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எனக்கு நம் வரைவின் மேல் பெருமை பொங்குகிறது.

தவறியவர்கள் பலர் அதை மனதார ஒப்புக்கொண்டார்கள். சொன்ன சொல் பொய்த்துப்போனவர் காக்கைக் கறி தின்னவேண்டும் என்பது அமெரிக்கர்களின் வழக்கு. வாஷிங்டன் போஸ்ட் தன் கட்டடத்தின் முகப்பிலேயே, அதிபர் அவர்களே, நீங்கள் எப்போது பரிமாறினாலும் காக்கைக் கறி தின்னத் தயாராக இருக்கிறோம் என்று அறிவிப்பு தொங்கவிட்டது. யாரும் காக்கை தின்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, எல்லோரும் வேண்டியபோது வான்கோழி சாப்பிடக்கூடிய நாடாக இதை ஆக்குவோம் என்று பதில் எழுதினார் ட்ரூமன். டிரிப்யூனும் காலப்போக்கில் மனம் இளகியது. அந்த முதல் பக்கத்தைப் பட்டயமாகச் செய்து, தேர்தலின் 25ஆம் ஆண்டு நிறைவில் ட்ரூமனுக்கே பரிசளிக்கத் திட்டமிட்டது. 1972 டிசம்பர் 26 அன்று அவர் இறந்துவிட்டதால் அது நடக்கவில்லை.

எல்லோரையும்விட அழகாகச் சிரித்தவர் டூயி என்பது என் கட்சி. தோற்றுச் சில வாரங்களுக்குள், வாஷிங்டன் பத்திரிகையாளர்களின் கிரிடயர்ன் கழக விருந்துக்கு வந்தார். அதிபராகிவிட்டார் என்று தன்னை நம்பவைத்த அதே எழுத்தாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, தன் நிலைமையை ஒரு கதையாகச் சொன்னார். துக்க வீட்டுக்குப் போன ஒருவன் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மயங்கி விழுந்தான். கூட வந்தவர்கள் காலியாக இருந்த ஒரு சவப்பெட்டியில் அவனைத் தூக்கிக் கிடத்தி, கையில் ஒரு அல்லிப் பூவையும் வைத்துவிட்டார்கள். விடிந்ததும் விழித்தான். பட்டு மெத்தையைத் தடவிப் பார்த்தான், பூவைப் பார்த்தான், யோசித்தான். நான் உயிரோடு இருந்தால் இந்தப் பெட்டிக்குள் எனக்கு என்ன வேலை? செத்துப்போயிருந்தால் எனக்கு ஏன் ஒன்றுக்கு வருகிறது?